பிசிவி வால்வு மாற்றியும் விசில் சத்தம் நிற்கவில்லை, உதவி தேவை

1.6 லிட்டர், நான்கு சிலிண்டர், டர்போ இல்லாத பெட்ரோல் இன்ஜின். 1,40,000 கி.மீ. ஓடியது. மூன்று வாரமாக ஐடிலில் கியர்பாக்ஸ் பக்கமிருந்து மெல்லிய விசில் சத்தம், லேசான நடுக்கம், பி0171 கோடு (எரிகலவையில் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்ற எச்சரிக்கை).

ஃபியூல் டிரிம் (கணினி கூடுதலாகச் சேர்க்கும் பெட்ரோலின் அளவு) ஐடிலில் +18%, 2,500 ஆர்பிஎம்மில் +3%. அதாவது காற்று எங்கோ கணக்கில் வராமல் நுழைகிறது. பிசிவி ஹோஸை (இன்ஜினின் அடி அறையான கிராங்க்கேஸில் சேரும் வாயுவை இன்டேக்குக்கு இழுக்கும் குழாய்) இடுக்கியால் அழுத்திப் பிடித்தால் விசில் நின்று, டிரிம் +4%க்கு இறங்குகிறது. டிப்ஸ்டிக்கை (ஆயில் அளவுக் குச்சி) உருவினாலும் விசில் நிற்கிறது, ஆனால் ஐடில் இன்னும் மோசமாகிறது. எனவே இன்டேக் கேஸ்கெட் மேல் சந்தேகமில்லை. கிராங்க்கேஸில் வெற்றிடம் அதிகமாகி, கியர்பாக்ஸ் பக்கமுள்ள பின்பக்க கிராங்க் சீல் வழியே காற்று இழுக்கப்படுகிறது என்றே படுகிறது.

செய்து பார்த்தவை: நிறுவனத்தின் அசல் பிசிவி வால்வு, புது ஓ-ரிங், புது ஹோஸ். பழைய வால்வைக் குலுக்கினால் சத்தமே வரவில்லை, பிசினாக இறுகியிருந்தது. ஏர் ஃபில்டரிலிருந்து கிராங்க்கேஸுக்குப் புதுக் காற்று கொண்டுவரும் பிரீதர் ஹோஸில் அடைப்பில்லை. ஆனால் அதைக் கழற்றி, வால்வ் கவரில் உள்ள முனையில் விரல் வைத்தால் துளிகூட இழுவை இல்லை. டிப்ஸ்டிக் குழாயிலோ பலமான இழுவை. ஆக, அடைப்பு கவருக்குள், பிரீதர் பக்க அறையில்தான்.

கவர் பிளாஸ்டிக், உள்தடுப்புத் தகடு வெல்டு செய்யப்பட்டது, திறக்க வழியில்லை.

இத்தகைய கவரைக் கழற்றி கரைப்பானில் ஊறவைத்தால் பிரீதர் அறை முழுதாகத் திறக்குமா, கவரையே மாற்றுவதுதான் வழியா?