வழியை மறித்தவர்கள்: பெருந்தொற்றுக் காலத்தில் பழங்குடி மக்களோடு பழகியவர்களின் அனுபவப் பகிர்வு

லாரிக்காரன், நியூசிலாந்து

2020 மார்ச் கடைசியில் நியூசிலாந்து முழுக்க ஊரடங்கு வந்தபோது நான் மளிகைச் சரக்கு லாரி ஓட்டிக்கொண்டிருந்தேன். அத்தியாவசியப் பணி என்பதால் வண்டி நிற்கவில்லை. வடக்குத் தீவின் கிழக்குக் கரையில் ஒபோட்டிகியைத் தாண்டி 35ஆம் எண் நெடுஞ்சாலையில் போனால் தே ஃபானவ் ஆ அபானுயி என்ற, இந்நாட்டின் பழங்குடிகளான மாவோரி மக்களின் ஓர் இனக்குழுவின் பகுதி வரும். ஊரடங்கு தொடங்கிய அதே நாளில் அவர்கள் தங்கள் எல்லையில் சாவடி போட்டுவிட்டார்கள். ஒரு கூடாரம், நாலைந்து ஆரஞ்சு நிறக் கூம்புகள், ஒளிரும் மேலங்கி போட்ட ஊர்க்காரர்கள். அவ்வளவுதான் சாவடி.

என்னை நிறுத்தியவர் எங்கே போகிறேன், என்ன சரக்கு, எப்போது திரும்புவேன் என்று கேட்டு வண்டி எண்ணைக் குறித்துக்கொண்டார். பக்கத்தில் ஒரு போலீஸ்காரர் தேநீர் குடித்தபடி நின்றிருந்தார். என் வண்டிக்குத் தடையில்லை. ‘சும்மா கடற்கரையைப் பார்த்துவிட்டு வந்துவிடுகிறோம்’ என்று வந்த கார்களும் முகாமிட வந்த வேன்களும்தான் திரும்பிப் போயின.

நகரத்தில் பேச்சு வேறு மாதிரி இருந்தது. பொதுச் சாலையை மறிக்க இவர்கள் யார் என்றார்கள். எதிர்க்கட்சித் தலைவராக இருந்த சைமன் பிரிட்ஜஸ், நாடாளுமன்றக் குழுவில் காவல் துறை ஆணையரிடமே இது எந்தச் சட்டத்தில் வருகிறது என்று கேட்டார். அவரும் மாவோரி வம்சாவளிதான். முதலில் எனக்கும் இது கொஞ்சம் அதிகப்படியாகத்தான் பட்டது.

சாவடியில் இருந்த ஒரு மூதாட்டியிடம் அடிக்கடி பேச்சுக் கொடுப்பேன். ஊரில் கிழவர்கள் எத்தனை பேர், யாருக்குச் சர்க்கரை, யாருக்கு மூச்சுத் திணறல் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். பெரிய ஆஸ்பத்திரி இருப்பது வகாட்டானேயில். இங்கிருந்து கிளம்பினால் வளைவு வளைவான கடற்கரைச் சாலையில் நெடுநேரம் போகவேண்டும். “நோய் உள்ளே வந்துவிட்டால் எங்களுக்கு இரண்டாவது வாய்ப்பு இல்லை, தம்பி” என்கிற பொருளில் சொன்னார். 1918 இன்ஃபுளுயன்சாவில் மாவோரிகளின் இறப்பு விகிதம் வெள்ளையர்களைப் போல ஏறத்தாழ எட்டு மடங்கு. எனக்கு இது புள்ளிவிவரம். அவருக்கோ குடும்பக் கல்லறையில் வரிசையாகப் படிக்கக் கிடைக்கும் பெயர்கள்.

அதே 1918இல் பசிபிக் தீவுகளான சமோவாவில் நடந்த கதையையும் அவர்தான் சொன்னார். ஆக்லாந்திலிருந்து போன தாலூன் கப்பலில் நோய் இருந்தும், நியூசிலாந்து நிர்வாகம் பயணிகளைக் கரையிறங்க விட்டது. மேற்கு சமோவாவில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் மக்கள் இறந்தார்கள். பக்கத்திலேயே இருந்த அமெரிக்க சமோவாவில் ஆளுநர் ஜான் போயர் துறைமுகத்தைக் கண்டிப்பாக அடைத்தார். அங்கே இந்த நோயால் ஒரு சாவுகூட இல்லை. இதைச் சொல்லிவிட்டு அவர் சாலையில் நின்ற கூம்புகளைக் கையால் காட்டினார். அப்புறம் நான் சட்டம் பேசவில்லை.

செய்திகளில் வந்ததெல்லாம் சாலை மறிப்புதான். அதற்கு உள்ளே நடந்த வேலை பெரிது. வீடு வீடாகப் பட்டியல் எடுத்து உணவுப் பொட்டலம், விறகு, மீன், மாத்திரை எல்லாம் வாசலில் வைத்துவிட்டு வந்தார்கள். மூக்கையும் நெற்றியையும் ஒட்டி மூச்சைப் பகிரும் ஹோங்கி வணக்கத்தைப் பல இனக்குழுக்கள் தாங்களாகவே நிறுத்திவைத்தன. அதற்குப் பதிலாகப் புருவத்தைத் தூக்கினால் போதும். அந்தக் கரையோரத்தில் அது ஏற்கெனவே இருந்த பழக்கம், அப்போதைய பிரதமர் ஜசிந்தா ஆர்டர்னே பிறகு அதைச் சிபாரிசு செய்தார்.

அவர்களுக்கு உண்மையில் வலித்தது சாவுச் சடங்குதான். இறந்தவரை மராய் என்ற ஊர்ப்பொது இடத்தில் வைத்து, நாள்கணக்கில் உறவெல்லாம் கூடி அழுது, பேசி, பாடி அனுப்புவது வழக்கம். உடலைத் தனியே விடமாட்டார்கள். என்னோடு வேலை பார்த்தவரின் அத்தை அந்த ஏப்ரலில் இறந்தார். யாரும் கூட இல்லாமல் நேராக அடக்கம். மே மாதத் தளர்வில் இறுதிச் சடங்குக்குப் பத்துப் பேர்தான் என்று அரசு அறிவித்தபோது, அதுவரை பொறுத்திருந்தவர்கள் கொதித்துவிட்டார்கள். எண்ணிக்கை 50 ஆனது.

வெண்சட்டை, அரிசோனா

நான் செவிலியர். 2020 கோடையில் நவாஹோ தேசத்துக்குள், அதாவது அமெரிக்கப் பழங்குடிகளான நவாஹோ மக்களின் தன்னாட்சிப் பகுதிக்குள், ஒரு மருத்துவமனையில் வேலை. அங்கே ஏறத்தாழ மூன்றில் ஒரு வீட்டுக்குக் குழாய்த் தண்ணீர் கிடையாது. 70,000 சதுர கிலோமீட்டருக்கு மேல் பரந்த நிலத்தில் மளிகைப் பெருங்கடை வெறும் 13. கையை அடிக்கடி கழுவுங்கள் என்று சொல்லும்போது எனக்கே கூச்சமாக இருக்கும். மே மாதத்தில் மக்கள்தொகை விகிதப்படி தொற்று நியூயார்க்கையும் மிஞ்சிவிட்டது.

வெள்ளி இரவு முதல் திங்கள் விடியற்காலை வரை 57 மணி நேர ஊரடங்கு போட்டது அவர்களின் சொந்த அரசுதான். வானொலியில் நவாஹோ மொழியிலேயே அறிவிப்பு வந்தது. இளைஞர்கள் பிக்கப் வண்டியில் பீப்பாய் பீப்பாயாகத் தண்ணீர் ஏற்றித் தாத்தா பாட்டி வீடுகளில் ஊற்றினார்கள். 1847 பஞ்சத்தில் சாக்டா என்ற இன்னொரு அமெரிக்கப் பழங்குடி மக்கள் அயர்லாந்துக்கு 170 டாலர் அனுப்பியதற்கு நன்றியாக ஐரிஷ்காரர்கள் நவாஹோ, ஹோப்பி மக்களுக்கு நிதி அனுப்பியதை எல்லோரும் படித்திருப்பீர்கள்.

எனக்குப் பாடம் நோயாளிகளிடம் பேசுவதில்தான் கிடைத்தது. கெட்டதை வாயால் சொன்னால் அது வந்து சேரும் என்பது அங்கே பெரியவர்களின் நம்பிக்கை. ‘உங்கள் நிலைமை மோசம், வென்டிலேட்டர் வைக்கவேண்டி வரலாம்’ என்று நேராகச் சொல்லக்கூடாது என்று மொழிபெயர்ப்பாளர் அக்கா முதலிலேயே எச்சரித்தார். ‘இந்த நோய் வந்த ஒருவருக்குச் சில சமயம் இப்படி ஆகலாம், அப்போது டாக்டர்கள் இதைச் செய்வார்கள்’ என்று மூன்றாம் ஆளின் கதையாகச் சொல்வோம். கேட்டுக்கொள்வார்கள், முடிவும் சொல்வார்கள். நம் வீடுகளிலும் ‘அப்படியெல்லாம் சொல்லாதே’ என்று வாயைப் பொத்துவார்களே, எனக்கு அந்நியமாகவே தெரியவில்லை.

மொழிமாணவி

@லாரிக்காரன், இதே சண்டை அமெரிக்காவிலும் நடந்தது. தெற்கு டகோட்டா மாநிலத்தில் செயென் ரிவர் சூ பழங்குடி மக்கள் நெடுஞ்சாலையில் சாவடி வைத்தார்கள். 48 மணி நேரத்தில் எடுங்கள் என்று ஆளுநர் கிறிஸ்டி நோயம் மே மாதம் கெடு விதித்தார். தலைவர் ஹெரால்ட் ஃபிரேசியர் எடுக்க மறுத்துவிட்டார். அந்தப் பகுதியின் மருத்துவமனையில் இருந்த படுக்கைகள் எட்டு.

எனக்கு மறக்காதது தடுப்பூசி வரிசை. செரோக்கி தேசம், ஸ்டாண்டிங் ராக் ஆகிய பழங்குடி அரசுகள் மருத்துவப் பணியாளர்களோடு தங்கள் மொழியைச் சரளமாகப் பேசுபவர்களையும் முன்னால் நிறுத்தின. அவர்களில் பெரும்பாலோர் முதியவர்கள். வேறு எந்த அரசின் பட்டியலிலும் அப்படி ஒரு பிரிவை நான் பார்த்ததில்லை.

லாரிக்காரன்

@மொழிமாணவி, இங்கே அந்த வரிசையில்தான் கோட்டைவிட்டார்கள். வயதுவாரியாக ஊசி போட்டார்கள். மாவோரிகளில் இளையவர்கள் அதிகம், கடும் நோய் அவர்களுக்குச் சீக்கிரமே வரும். வயது வரம்பைக் குறைக்கச் சொல்லி அதிகாரிகள் கொடுத்த ஆலோசனையை அமைச்சரவை ஏற்கவில்லை. ஊசி போடாதவர்களை வீடு தேடிப் போய்ப் பார்க்கிறோம், விவரம் கொடுங்கள் என்று மாவோரி அமைப்பு கேட்டபோது சுகாதார அமைச்சகம் மறுத்தது. உயர் நீதிமன்றம் வரை போய், 2021 நவம்பரில்தான் மறுபரிசீலனைக்கு உத்தரவு வாங்கினார்கள். அந்த டிசம்பரில் மாவோரிகளின் முறையீடுகளை விசாரிக்கும் வைடாங்கி தீர்ப்பாயமும், மாவோரிகளோடு செய்த வைடாங்கி ஒப்பந்தத்தை அரசு மீறியது என்று எழுதியது. சாவடியில் யார் வீட்டில் யாருக்கு என்ன நோய் என்று ஒப்பித்த மூதாட்டியிடம் கேட்டிருந்தால் பட்டியல் அன்றைக்கே கிடைத்திருக்கும்.