அப்பா டீசல்தான் வேண்டும் என்கிறார், ஓட்டப்போவது நான்

கலை, சேலம்
வீட்டில் 2012 மாடல் ஸ்விஃப்ட் டீசல், 1,90,000 கி.மீ. ஓடியாச்சு. கொடுத்துவிட்டு 12 லட்சத்துக்குள் புதுசு எடுக்கிறோம். டீசல் இல்லாததை வண்டி என்றே அப்பா ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறார். எனக்கு ஓமலூரில் பள்ளிக்கூட வேலை, போக வர தினம் 30 கி.மீ. மாதம் ஒருமுறை மதுரைக்கு மாமியார் வீடு. ஆக மாதம் 1,200 கி.மீ. பார்த்து வைத்த மாடலில் டீசலுக்கு ஒன்றரை லட்சம் கூடுதல். எதை எடுக்கலாம்?

நாலுவழிக்காரன்
டீசல்தாம்மா, யோசிக்கவே வேணாம். அஞ்சு பேரு, டிக்கி நிறையச் சாமான், ஏசி போட்டு நாமக்கல் தாண்டி ஒரு லாரிய முந்திப் பாருங்க. உங்க பழைய ஸ்விஃப்ட்டுல 2000 ஆர்பிஎம்லயே 190 நியூட்டன் மீட்டர் இழுவை. அதே காலத்துப் பெட்ரோல் ஸ்விஃப்ட்டுல 115ஐச் சுத்தித்தான், அதுவும் 4000 போனாத்தான். கியர மாத்தாம மிதிச்சா போதும், வண்டி போகும். பதினெட்டு வருஷமா டீசல்தான் ஓட்டுறேன், மலை ஏறும்போது ஒரு நாள்கூட ஏசிய அணைச்சதில்ல.

அண்ணாநகர் ராம்
அண்ணா, இழுவை சரி. பணக் கணக்கு மாறிப்போச்சு. 2012இல் லிட்டருக்கு 25 ரூபாய்க்கு மேல் வித்தியாசம் இருந்தது, காரணம் டீசல் விலையை அரசு பிடித்து வைத்திருந்தது. 2014 அக்டோபரில் அந்தக் கட்டுப்பாடு போனது. இப்போது வித்தியாசம் எட்டு ரூபாய் சுமார்.

பெட்ரோல் 101, மைலேஜ் 15 என்றால் கி.மீ.க்கு 6.73 ரூபாய். டீசல் 93, மைலேஜ் 19 என்றால் 4.89. மிச்சம் 1.84. ஒன்றரை லட்சத்தைத் திரும்ப எடுக்க 81,500 கி.மீ. ஓட்ட வேண்டும். கலைக்கு அது ஐந்தரை வருடத்துக்கு மேல். 2020 ஏப்ரலில் பிஎஸ்6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தபோது மாருதியே டீசல் கார் தயாரிப்பதை நிறுத்திவிட்டது. சின்ன டீசல் எஞ்சினை அந்த விதிக்கு மாற்றும் செலவு அவர்களுக்கே கட்டுபடியாகவில்லை.

பட்டறை செல்வம்
ரெண்டு பேருமே முக்கியமானதை விட்டுட்டீங்க. பிஎஸ்6 டீசல்ல புகைக்குழாய் வழியில ஒரு கரி வடிகட்டி இருக்கு, டிபிஎஃப். கரி சேரச் சேர, வண்டி தானே கூடுதல் டீசலை அடிச்சு, 600 டிகிரி வரைக்கும் சூடேத்தி அதை எரிச்சுக்கும். அதுக்கு நிக்காம ஒரே சீரா இருபது நிமிஷமாவது ஓடணும். என்கிட்ட வர்ற ஒருத்தருக்கு வீட்டிலிருந்து ஆபீஸ் 3 கி.மீ. சிக்னலுக்குச் சிக்னல் நின்னு போற வண்டி. எட்டு மாசத்துல ரெண்டு தடவ, வடிகட்டி அடைச்சிருக்குன்னு எச்சரிக்கை விளக்கு எரிஞ்சு வந்தார். பாதியில நின்னுபோனா அந்தக் கூடுதல் டீசல் எஞ்சின் ஆயில்ல கலக்குது. ஆயில் அளக்குற குச்சிய எடுத்துப் பார்த்தா ஆயில் ஏறியிருக்கும், வழவழப்பு போயிருக்கும். அப்படிப்பட்டவருக்கு டீசலை விக்கவே கூடாது.

கலை தங்கச்சி கேஸ் வேற. ஓமலூர் வரைக்கும் நாலுவழி ரோடு.

நிலா
பள்ளிக்கூட வாசலில் வண்டி நிறுத்துகிறவர் கேட்கிறார், அதனால் சொல்கிறேன். டீசல் புகை புற்றுநோய் உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012இலேயே உறுதியாகச் சொல்லிவிட்டது. குழந்தைகள் நிற்கிற இடத்தில் நாம் ஏன் அதை ஓட்ட வேண்டும்?

நாலுவழிக்காரன்
உங்க அக்கறை நியாயம்தாம்மா. ஆனா அந்தப் பேச்சு பழைய எஞ்சின் புகைய வச்சு வந்தது. பிஎஸ்4 டீசல் கார் கி.மீ.க்கு 25 மில்லிகிராம் கரித்துகள் விடலாம். பிஎஸ்6ல 4.5தான். செல்வம் சொன்ன அதே வடிகட்டிதான் இதச் செய்யுது. ராம் தம்பி, பெட்ரோல்ல இப்ப 20 சதவீதம் எத்தனால் கலக்குறாங்க, அதுல மைலேஜ் குறையுதே?

அண்ணாநகர் ராம்
குறைகிறது, மறுக்கவில்லை. அதைச் சேர்த்துத்தான் 15 என்று போட்டேன். நிலா சொன்னதையும் தள்ள முடியாது: புகையில் வரும் நச்சு வாயுவான நைட்ரஜன் ஆக்சைடு, கி.மீ.க்கு பிஎஸ்6 பெட்ரோலுக்கு 60 மில்லிகிராம், டீசலுக்கு 80 வரை அனுமதி. இழுவைதான் வேண்டுமென்றால், எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளி இழுவையைக் கூட்டும் டர்போ பெட்ரோலை ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.

கலை, சேலம்
ஞாயிற்றுக்கிழமை அப்பாவை உட்கார வைத்து டர்போ பெட்ரோல் ஓட்டினேன். நன்றாகவே இழுத்தது. ராம் அண்ணாவின் கணக்கையும் காட்டினேன். ஐந்தரை வருடம் என்றதும் அப்பா கேட்டது ஒன்றுதான்: "இந்த வண்டிய எத்தன வருஷம் வச்சிருந்தோம்?"

பதினான்கு. எனக்குப் பதில் சொல்ல வரவில்லை.

அண்ணாநகர் ராம்
அவ்வளவு காலம் வைப்பதாக இருந்தால் டீசலில் எஞ்சினுக்குள் எரிபொருளைப் பீய்ச்சும் இன்ஜெக்டர், டர்போ இவற்றின் பழுதுச் செலவுக்கும் ஒரு தொகை ஒதுக்கிவிட்டுக் கணக்குப் பாருங்கள். மிச்சம் நினைத்த அளவு நிற்காது. நான் இன்னும் பெட்ரோல் பக்கம்தான்.

கலை, சேலம்
அதையும் சேர்த்துப் பார்க்கிறேன் அண்ணா. செல்வம் அண்ணா, சனிக்கிழமை ஓமலூர் தாண்டி தொப்பூர் வரை போய் வந்தால் வடிகட்டிக்குப் போதுமா?

பட்டறை செல்வம்
தாராளமா. போகும்போது ஏத்தம், எஞ்சின் நல்லா சூடாகும். விளக்கு எரியுறப்ப மட்டும் டீக்கடையப் பார்த்து நிறுத்திடாதீங்க.