யுரேனியத்தைப் பிளக்க ஏன் நியூட்ரான்? புரோட்டான் போதாதா?

கேள்வி: இரண்டின் நிறையும் ஏறக்குறைய ஒன்றுதான். பிறகு ஏன் அணு உலையில் நியூட்ரான் மட்டும் பேசப்படுகிறது?

பதில் 1: மின்னூட்டம்தான் காரணம். யுரேனியம் அணுக்கருவில் 92 புரோட்டான்கள். வெளியிலிருந்து வரும் புரோட்டானை அவை விலக்கித் தள்ளும். அந்தத் தடையைத் தாண்ட 12 முதல் 15 மெகா எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் வேண்டும் (எலக்ட்ரான் வோல்ட் என்பது அணு அளவில் ஆற்றலை அளக்கும் அலகு; மெகா என்றால் பத்து லட்சம்). நியூட்ரானுக்குத் தடையே கிடையாது, 0.025 எலக்ட்ரான் வோல்ட்டில் ஊர்ந்து வந்தாலும் உள்ளே போய்விடும். மெதுவாக வந்தால் இன்னும் நல்லது: அந்த வேகத்தில் யுரேனியம்-235இன் (235 என்பது கருவிலுள்ள புரோட்டான், நியூட்ரான்களின் மொத்த எண்ணிக்கை) பிளவுக் குறுக்குப்பரப்பு, அதாவது நியூட்ரான் பட்டுக் கரு பிளக்கும் வாய்ப்பின் அளவு, சுமார் 585 பார்ன் (அதை அளக்கும் அலகு).

பதில் 2: உள்ளே போனால் மட்டும் போதாது ஐயா, ஆற்றல் கணக்கும் சரியாக வரவேண்டும். 235இல் 143 நியூட்ரான்கள், ஒற்றைப்படை. புதிதாக வருவது அதனோடு இணை சேர்வதால் சுமார் 6.5 மெகா எலக்ட்ரான் வோல்ட் கிடைக்கிறது. பிளவுத் தடை, அதாவது கரு பிளக்கத் தேவையான ஆற்றல், அதைவிடக் குறைவு. யுரேனியம்-238இல் நியூட்ரான்கள் இரட்டைப்படை, இணை சேர ஆளில்லை, கிடைப்பது 4.8தான். அதனால் அதற்குச் சுமார் 1 மெகா எலக்ட்ரான் வோல்ட் வேக நியூட்ரான் தேவை.

கேள்வி கேட்டவர்: அப்படியானால் முடுக்கியில் வேகப்படுத்திய புரோட்டான் பிளக்குமா?

பதில் 1: பிளக்கும், ஆய்வகங்களில் செய்கிறார்கள். ஆனால் 15 மெகா எலக்ட்ரான் வோல்ட் புரோட்டான், எலக்ட்ரான்களோடு மோதி மோதியே ஆற்றலை இழந்து, யுரேனியத்துக்குள் ஒரு மில்லிமீட்டர்கூடப் போகாமல் நின்றுவிடும். பெரும்பாலானவை எந்தக் கருவையும் தொடுவதில்லை. தவிர, 235இன் ஒவ்வொரு பிளவிலும் சராசரியாக 2.4 நியூட்ரான்கள் வெளிவருகின்றன; புரோட்டான்கள் அப்படி வருவதில்லை. ஒரு பிளவு அடுத்த பிளவைத் தூண்டும் தொடர்வினையை நடத்துவது அந்த நியூட்ரான்களே.