கோடை விடுமுறை ஆய்வு: காசநோய்க் கிருமியும் மேக்ரோஃபேஜும், இரண்டு மாதம் போதுமா?

கொருக்குப்பேட்டை மாணவி:
வணக்கம். பி.எஸ்சி. நுண்ணுயிரியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். காசிமேட்டில் வலை பின்னும் என் மாமாவுக்குக் காசநோய் வந்து, ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டுத் தேறினார். ஓட்டேரி மருத்துவமனைக்கு அவரோடு போய்வந்த நாளிலிருந்து ஒரு கேள்வி என்னை விடவில்லை. கிருமியை விழுங்கிக் கொல்லத்தானே மேக்ரோஃபேஜ் என்ற நோயெதிர்ப்புச் செல் இருக்கிறது? அதற்குள்ளேயே இந்தக் கிருமி எப்படிக் குடியிருக்கிறது? மாமா கையில் பி.சி.ஜி. தடுப்பூசித் தழும்பு வேறு இருக்கிறது. கோடை விடுமுறையில் ஏதாவது ஆய்வுக்கூடத்தில் சேர்ந்து இதை ஆராய முடியுமா? எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போனது நான்தான் முதல். யாரைக் கேட்பதென்று தெரியவில்லை.

வியாசர்பாடி அக்கா:
தங்கைக்கு, முதலில் தழும்பு விஷயம். 1968இல் செங்கல்பட்டில் தொடங்கிய பெரிய ஆய்வில், பி.சி.ஜி. பெரியவர்களின் நுரையீரல் காசநோயைத் தடுக்கவில்லை என்று தெரிந்தது. குழந்தைகளுக்கு மூளைக்காய்ச்சல் போன்ற கடுமையான வகைகள் வராமல் அது காக்கிறது. அதனால்தான் இன்றும் போடுகிறார்கள்.

காசநோய்க் கிருமியையே கையில் எடுக்க ஆசைப்படாதே. அதை வளர்க்க மூன்றாம் நிலைப் பாதுகாப்புக்கூடம் வேண்டும். இளங்கலை மாணவர்களை அங்கே விடமாட்டார்கள், விடவும் கூடாது. ஒருமுறை இரட்டிக்கவே ஏறக்குறைய 20 மணி நேரம் எடுக்கும் கிருமி அது. வளர்ப்புத் தட்டில் பாக்டீரியாக் கூட்டம் புள்ளியாகத் தெரிவதற்குள் உன் விடுமுறையில் பாதி போய்விடும். அதன் உறவுக்கார பாக்டீரியா மைக்கோபாக்டீரியம் ஸ்மெக்மாட்டிஸ் சுமார் 3 மணி நேரத்தில் இரட்டிக்கும், மூன்று நான்கு நாளில் தட்டில் எண்ணலாம். அதைக் கேள்.

செய்முறை கேட்க எளிது. மேக்ரோஃபேஜ் செல்கள் மேல் பாக்டீரியாவை விட்டு, விழுங்க நேரம் கொடுத்து, வெளியே மிஞ்சியதை ஜென்டாமைசின் போட்டுக் கொல்கிறோம். அந்த மருந்து செல்லுக்குள் எளிதில் நுழையாது. பிறகு செல்லை உடைத்து, உள்ளே உயிரோடிருப்பதை எண்ணுகிறோம். இதில் பலரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. செல் வளர்க்கும் ஊடகத்தில் வழக்கமாகப் பெனிசிலினும் ஸ்ட்ரெப்டோமைசினும் கலந்திருக்கும். ஸ்ட்ரெப்டோமைசின் காசநோய்க்கே முதலில் வந்த மருந்து! பாக்டீரியாவை விடுவதற்கு முன்பே அதை மாற்றாவிட்டால், மருந்து கொன்றதை மேக்ரோஃபேஜ் கொன்றதாக எழுதிவிடுவாய். இன்னொன்று, மெழுகுச் சுவர் என்பதால் இந்தப் பாக்டீரியா மாவு கட்டிதட்டுவது போலத் திரளும். சிரிஞ்சு ஊசி வழியாக ஏற்றி இறக்கிப் பிரித்துவிட்டுத்தான் எண்ணிக்கையை நம்ப வேண்டும்.

தண்டையார்பேட்டை ஆசிரியர்:
அம்மா, இந்தியாவின் மூன்று அறிவியல் அகாடமிகளும் சேர்ந்து இரண்டு மாதக் கோடைகால ஆய்வு உதவித்தொகை தருகின்றன. விண்ணப்பம் முந்தைய ஆண்டின் இறுதியிலேயே கேட்பார்கள். கோடை வந்தபின் தேடினால் கிடைக்காது. பேராசிரியருக்குத் தனியாகக் கடிதம் எழுதினால், அவருடைய கட்டுரை ஒன்றைப் படித்து அதில் உனக்குப் புரியாத ஓர் இடத்தைக் கேள். மாமாவின் கதையை இரண்டு வரி எழுது, தவறில்லை. ஆனால் அவர் பெயரும் மருத்துவக் குறிப்பும் வேண்டாம்.

கொருக்குப்பேட்டை மாணவி:
மிக்க நன்றி அக்கா, ஐயா. ஒரு சந்தேகம். ஸ்மெக்மாட்டிஸ் பொதுவாக நோயே தராது என்று படித்தேன். மேக்ரோஃபேஜ் அதைக் கொன்றுவிடுமே. காசநோயைப் பற்றி அதிலிருந்து என்ன தெரியப்போகிறது?

வியாசர்பாடி அக்கா:
கொன்றுவிடுவதுதான் நமக்கு வேண்டும். பாக்டீரியாவை விழுங்கிய பை, செல்லுக்குள் செரிக்கும் நொதிகள் நிறைந்த லைசோசோமோடு இணைந்து, உள்ளே அமிலமாகி, பாக்டீரியா சாகிறது. காசநோய்க் கிருமி அந்த இணைப்பைத் தடுத்துவிடுகிறது. ஆகவே அதன் மரபணு ஒன்றை மட்டும் ஸ்மெக்மாட்டிஸுக்குள் ஏற்றி, கூடுதல் நேரம் உயிர் தாங்குகிறதா என்று பார்ப்பார்கள். தாங்கினால், அந்த மரபணு மேல் சந்தேகம் வலுக்கும். அதுவே முழு விடை ஆகாது. பக்கத்தில், ஒப்பிட்டுப் பார்க்க, அந்த மரபணு இல்லாத வெற்றுப் பிளாஸ்மிட் (மரபணுவைச் சுமந்து செல்லும் டி.என்.ஏ. வளையம்) ஏற்றிய பாக்டீரியாவும் கட்டாயம் இருக்க வேண்டும். ஏற்கெனவே இப்படி ஏற்றி வைத்திருக்கும் கூடமாகப் பார்த்து எழுது. மரபணுவை ஏற்றுவதிலிருந்து தொடங்கினால் இரண்டு மாதம் அதற்கே சரியாகிவிடும்.