சிங்கப்பூர் பொங்கோலில் தமிழ் பேசும் டாக்டர் யாராவது தெரியுமா?

வணக்கம். போன மாதம் அம்மாவை ஈசூனிலிருந்து எங்கள் பொங்கோல் வீட்டுக்கே அழைத்து வந்துவிட்டோம். வயது 72. நீரிழிவு, ரத்த அழுத்தம் இரண்டும் இருக்கின்றன.

ஒயேசிஸ் டெரசஸில் பலதுறை மருந்தகம் (அரசாங்க பாலிகிளினிக்) இருப்பது தெரியும். ஆனால் அம்மாவுக்கு ஒவ்வொரு முறையும் ஒரே டாக்டர் பார்த்தால்தான் மனம் விட்டுப் பேச வரும். அம்மாவுக்குத் தமிழ் மட்டும்தான் தெரியும். அண்மையில் ஒரு கிளினிக்கில் டாக்டர் ஆங்கிலத்தில் சொன்னதற்கெல்லாம் தலையாட்டிவிட்டு வந்தார். வீட்டில் பார்த்தால் இரவு மாத்திரையைக் காலையிலும் சேர்த்துப் போட்டிருக்கிறார். அன்று நான் பயந்த பயம் இன்னும் போகவில்லை.

அதனால் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்குகளின் கீழே இருக்கும் கிளினிக்குகளில் தமிழ் பேசும் டாக்டரோ தாதியோ இருந்தால் சொல்லுங்கள். அம்மாவிடம் மூத்தோருக்கான அரசாங்கச் சலுகை அட்டையான மெர்டேக்கா தலைமுறை அட்டை இருக்கிறது, சாஸ் (அரசாங்க மருத்துவ மானியத் திட்டம்) கிளினிக்காக இருந்தால் கட்டணம் குறையும். ஒரே குடும்ப மருத்துவரிடம் பதிந்துகொள்ளும் ஹெல்தியர் எஸ்ஜி திட்டத்திலும் அங்கேயே பதிந்துவிடலாம் என்று நினைக்கிறேன்.

அப்புறம், நீரிழிவுக்காரர்களின் பாதத்தைப் பொறுமையாகப் பார்க்கும் இடம் தெரிந்தாலும் சொல்லுங்கள். அம்மாவால் அதிக தூரம் நடக்க முடியாது, எல்ஆர்டி ரயில் நிலையத்துக்குப் பக்கமாக இருந்தால் நல்லது.