சுடுதண்ணீர் வந்தால் மட்டும் கசியும் புஷ்-ஃபிட் எல்போ

மதுரை திருநகரில் வீடு. மொட்டை மாடி சோலார் ஹீட்டரிலிருந்து பாத்ரூமுக்கு 16 எம்எம் பெக்ஸ் பைப் (சுடுதண்ணீர் தாங்கும் பிளாஸ்டிக் குழாய்), திருப்பத்தில் புஷ்-ஃபிட் எல்போ (பைப்பை உள்ளே தள்ளினாலே பிடித்துக்கொள்ளும் வளைவு இணைப்பு). பொங்கலுக்கு முன்னால் செய்த வேலை. சித்திரை வெயில் ஏறியதிலிருந்து ஒரு எல்போ கசிகிறது.

பச்சைத்தண்ணீர் ஓடினால் சொட்டுகூட விழாது. சுடுதண்ணீர் வந்த கொஞ்ச நேரத்தில் எல்போவின் காலர் (வாய் வளையம்) ஓரத்தில் முத்துமுத்தாக நீர் கட்டி இறங்கும். சூடு ஆறினால் தானாக நின்றுவிடும்.

கழற்றி, கட்டர் வைத்து முனையை நேராக வெட்டி, பிசிறு எடுத்து, குறி போட்ட ஆழம் வரை தள்ளிப் பார்த்தாயிற்று. உள்ளே கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்கை மாற்றினோம். பைப் வாய்க்குள் இன்சர்ட் (வாய் நசுங்காமல் தாங்கும் சிறு குழல்) இருக்கிறது, வெளியே கீறல் இல்லை. பிரஷரும் அதிகமில்லை, டேங்க் 6 மீட்டர் உயரம், அதாவது 0.6 பார்தான், பம்ப் கிடையாது. பிளம்பர் எம்-சீல் (காய்ந்தால் கல்லாக இறுகும் பசை) பூசலாம் என்கிறார். எனக்குச் சம்மதமில்லை, அப்புறம் கழற்றவே முடியாது.

எனக்கு ஒரு சந்தேகம். எல்போவுக்கு மேலே 5 மீட்டர் பைப் நேராக, கிளாம்ப் இறுக்கிப் போகிறது. 40 டிகிரி சூடு ஏறினால் அந்த நீளத்துக்கு பெக்ஸ் சுமார் 3 சென்டிமீட்டர் நீளும். அந்தத் தள்ளல் முழுக்க எல்போ மேல்தானே விழும்?

சோலார் லைனில் பெக்ஸ் போட்டவர்கள் சொல்லுங்கள்: கிளாம்பைத் தளர்த்தி ஒரு வளைவு விட்டால் போதுமா, இல்லை கிரிம்ப் ஃபிட்டிங்குக்கே (உலோக வளையத்தைக் கருவியால் நெரித்து இறுக்கும் இணைப்பு) மாறணுமா?