தங்கைக்கு பிசிக்ஸா, இன்ஜினியரிங்கா?

காவிரிக்கரை:
தங்கை பிளஸ் டூ முடித்துவிட்டாள். 600க்கு 571, இயற்பியலில் 99. படித்தால் பிஎஸ்சி பிசிக்ஸ்தான் என்கிறாள். அப்பாவுக்கு முசிறியில் தையல் கடை, நான் டிப்ளமோ முடித்து கம்பெனியில் இருக்கிறேன். கவுன்சலிங்கில் கிடைக்கிற இன்ஜினியரிங் சீட்டைப் போட்டுவிடச் சொல்லி மாமா ஒற்றைக்காலில் நிற்கிறார். பிசிக்ஸ் படித்தால் டீச்சர் வேலைதான், அதுவும் கிடைத்தால்தான் என்கிறார். அரசுக் கல்லூரிக்கு விண்ணப்பிக்க இன்னும் நாலு நாள் இருக்கிறது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கணக்கன்:
மாமா பேச்சைக் கேளுங்க தம்பி. நான் எம்எஸ்சி பிசிக்ஸ், எம்ஃபில். ஒரு தனியார் கல்லூரியில் மூணு வருஷம் வகுப்பெடுத்தேன். மே மாதம் சம்பளம் கிடையாது. சேரும்போதே ஒரிஜினல் சர்டிபிகேட்டை வாங்கி பீரோவில் வைத்துக்கொண்டார்கள். அதைத் திரும்ப வாங்க நாலு தடவை அலைந்தேன். கடைசியில் வங்கித் தேர்வு எழுதி கிளார்க் ஆனேன். அந்தத் தேர்வுக்கு ஏதோ ஒரு டிகிரி இருந்தால் போதும். ஆராய்ச்சிக்குப் போகலாம் என்பார்கள். பிஎஸ்சி மூணு, எம்எஸ்சி ரெண்டு, பிஎச்டி அஞ்சு என்று கூட்டிப் பாருங்க. 17 வயதுப் பெண்ணுக்கு 27 ஆகிவிடும். தையல் கடை வீடு அதுவரை தாங்குமா?

ஐசோசென்டர்:
கணக்கன் சார் பட்ட கஷ்டம் நிஜம். ஆனால் அவர் கணக்கில் ஒன்று விடுபட்டிருக்கிறது. சிஎஸ்ஐஆர் நெட் என்கிற தேசியத் தகுதித் தேர்வில் ஜேஆர்எஃப், அதாவது ஆராய்ச்சி உதவித்தொகை, வாங்கிவிட்டால் முதல் ரெண்டு வருஷம் மாதம் 37,000, பிறகு 42,000. வீட்டு வாடகைப்படி தனி. அந்த அஞ்சு வருஷமும் அப்பா காசில் படிப்பதல்ல.

நானும் பிஎஸ்சி பிசிக்ஸ்தான். அடுத்து எம்எஸ்சி மெடிக்கல் பிசிக்ஸ், ஒரு வருஷ இன்டர்ன்ஷிப். இப்போது புற்றுநோய் மருத்துவமனையில் மருத்துவ இயற்பியலாளர். முதல் நோயாளியை மேசையில் படுக்க வைப்பதற்கு முன்னால், அதே இடத்தில் நீரடர்த்தி பிளாஸ்டிக் பலகைகளை அடுக்கி, நடுவில் கதிர்வீச்சை அளக்கும் அயனிக்கலத்தைச் செருகி, லீனாக் என்கிற கதிர்வீச்சு சிகிச்சை இயந்திரத்தை ஓட்டி, கதிர்வீச்சு டோஸ் சரியாக வருகிறதா என்று அளப்போம். 3 சதவீதத்துக்கு மேல் விலகினால் சிகிச்சையைத் தொடங்க விடமாட்டேன். வெளியே எத்தனை பேர் காத்திருந்தாலும் சரி. இந்த வேலை இல்லாமல் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் கதிர்வீச்சு சிகிச்சைக்கு அனுமதி தராது. இதற்கு பிசிக்ஸ் படித்தவர்தான் வேண்டும். அண்ணா பல்கலையில் இந்தப் படிப்பு இருக்கிறது. பிஎஸ்சி சேரும்போது எனக்கு இப்படி ஒரு வேலை இருப்பதே தெரியாது, யாரும் சொல்லவில்லை. எனக்கு வருத்தமே அதுதான்.

கணக்கன்:
மேடம், உங்கள் வேலை மேல் மரியாதை உண்டு. ஆனால் மாநிலம் முழுக்க எத்தனை லீனாக் இருக்கும்? வருஷா வருஷம் பிசிக்ஸ் முடித்து வரும் கூட்டத்துக்கு அந்தக் கதவு போதுமா? நோபல் பரிசு வாங்கிய சி.வி. ராமனையே எடுத்துக்கொள்ளுங்க. சென்னை பிரசிடென்சி கல்லூரியில் எம்ஏ முடித்துவிட்டு 1907ல் நிதித் துறையில்தான் வேலைக்குச் சேர்ந்தார். பத்து வருஷம் கணக்கு அதிகாரி. அவருக்கே முதலில் சம்பளம் வேண்டியிருந்தது.

ஐசோசென்டர்:
மீதியையும் சொல்லுங்க சார். அந்தப் பத்து வருஷத்தில் கல்கத்தாவில் இருந்தபோதெல்லாம் ஆபீசுக்கு முன்னும் பின்னும் பௌபஜார் தெரு ஆய்வுக்கூடத்தில் இருந்தார். 1917ல் குறைந்த சம்பளம் என்று தெரிந்தே பேராசிரியர் பதவிக்குப் போனார். கதவு ஒன்றுதானா என்று கேட்டீர்கள். பாபா அணு ஆராய்ச்சி மையம் எம்எஸ்சிக்காரர்களை ஒரு வருஷப் பயிற்சிக்கு எடுக்கிறது. கல்பாக்கத்திலும் அந்தப் பயிற்சிப் பள்ளி உண்டு. வானிலைத் துறையில் சயின்டிபிக் அசிஸ்டென்ட் வேலைக்கு பிஎஸ்சி போதும், மத்திய அரசின் எஸ்எஸ்சி தேர்வாணையம் தேர்வு வைத்தே ஆள் எடுத்திருக்கிறார்கள். ஒவ்வொன்றும் சின்னக் கதவுதான், மறுக்கவில்லை. ஆனால் மூன்றாம் ஆண்டு பிப்ரவரியில் ஜாம் என்கிற நுழைவுத் தேர்வு எழுதி ஐஐடியில் எம்எஸ்சி சேரலாம் என்பதையே நம் பிள்ளைகளில் பலர் டிகிரி முடித்த பிறகுதான் கேள்விப்படுகிறார்கள்.

பியூரெட்:
நான் எம்எஸ்சி கெமிஸ்ட்ரி. ஓசூர் பக்கம் ஒரு மருந்து கம்பெனியில் தரக் கட்டுப்பாட்டில் இருக்கிறேன், ஷிப்ட் வேலை. ரெண்டு பேரும் கல்லூரி லேபைப் பற்றிப் பேசவே இல்லை. இன்டர்வியூவில் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "எச்பிஎல்சியில் மொபைல் ஃபேஸ் நீயே தயாரித்திருக்கிறாயா?" எச்பிஎல்சி என்பது மருந்தில் என்ன, எவ்வளவு இருக்கிறது என்று பிரித்துக் காட்டும் கருவி, மொபைல் ஃபேஸ் அதில் ஓடவிடும் கரைப்பான். எங்கள் கல்லூரித் துறையில் அந்தக் கருவி இருந்தது. கண்ணாடி அறைக்குள் துணி போர்த்தி வைத்திருப்பார்கள். கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் நாக் குழு வந்த அன்றுதான் துணியை எடுத்தார்கள். படம் வரைந்து பத்து மார்க் வாங்கியிருந்தேன், கை வைத்ததில்லை. வேலைக்கு வந்து ஆறு மாதம் சீனியரிடம் திட்டு வாங்கித்தான் பழகினேன். கெமிஸ்ட்ரிக்காவது கம்பெனி இருக்கிறது. அந்த விஷயத்தில் நான் கணக்கன் அண்ணன் பக்கம். ஆனால் கிடைக்கிற இன்ஜினியரிங் சீட் என்கிறீர்களே, அங்கேயும் லேபில் துணி போர்த்தியிருந்தால் என்ன செய்வாள்?

கணக்கன்:
அது நியாயமான கேள்வி. சுமாரான இன்ஜினியரிங் கல்லூரியில் கடன் வாங்கிச் சேர்ப்பதை நானும் சொல்ல மாட்டேன். ஆனால் நல்ல அரசுக் கல்லூரியில் சீட் வந்தால் அதைவிட்டு பிசிக்ஸ் போவதை ஒப்புக்கொள்ள முடியாது. அந்தப் பீரோ முன்னால் நின்றவன் நான்.

காவிரிக்கரை:
எல்லோருக்கும் நன்றி. இன்று தங்கையோடு அரசுக் கல்லூரிக்குப் போய் வந்தேன். லேப் திறந்திருந்தது. சோடியம் விளக்கு எரிந்துகொண்டிருக்க ரெண்டு பிள்ளைகள் ஒளி வளையங்களை அளக்கும் நியூட்டன் வளையச் சோதனை செய்துகொண்டிருந்தார்கள். ஒரு பெண் இவளைக் கூப்பிட்டு நுண்ணோக்கியில் பார்க்க விட்டாள். குறுக்குக் கம்பியை வளையத்தின் ஓரத்தில் நிறுத்தத் திருகைத் திருப்பித் திருப்பி, பத்து நிமிஷம் எழுந்திருக்கவே இல்லை. பிறகு வெர்னியர் அளவுகோலைப் படித்துச் சொன்னாள். சரியாக இருந்தது.

மாமாவிடம் ஜேஆர்எஃப் தொகையைச் சொன்னேன். "நெட் பாஸ் ஆகாவிட்டால்?" என்றார். பதில் சொல்லத் தெரியவில்லை. இப்போதைக்கு ரெண்டு விண்ணப்பமும் போடுகிறோம்.

ஐசோசென்டர்:
பிளஸ் டூவில் முதல் ஒரு சதவீதத்துக்குள் வருகிறாளா என்று பாருங்க தம்பி. வந்தால் அடிப்படை அறிவியல் படிக்கிறவர்களுக்கு மத்திய அரசின் இன்ஸ்பயர் உதவித்தொகை இருக்கிறது, வருஷத்துக்கு 80,000. இன்ஜினியரிங் போனால் அது கிடைக்காது. மாமாவிடம் இதையும் சொல்லுங்க.